பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று பைன்

மார்லிஸ் கஸ்கேலா ஆழம் பார்த்துத்தான் காலை விடுவாள் என்றால் அது பாதி உண்மைதான். ஆழத்தை அளந்து, அளந்ததற்கு ரசீது வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்திய பிறகும் கரையிலேயே நின்று கொஞ்சம் யோசிப்பாள். விஸ்கான்சின் மாநிலத்தின் சுபீரியர் ஊரில் தொடக்கப் பள்ளிச் சமையலறையைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டி ஆள்பவள் அவள். அவள் காலத்தில் எந்தக் குழந்தைக்கும் அந்தச் சாப்பாட்டால் வயிறு கெட்டதில்லை. அந்தச் சாப்பாட்டை நினைத்து எந்தக் குழந்தையும் ஏங்கியதுமில்லை.

அவள் கணவன் டெல்மர் ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவன். முறை, வரிசை என்ற சொற்களே அவன் காதில் ஏறாது. புது அடுப்பை மாட்டி முடித்த பிறகுதான் மாட்டும் விதம் எழுதிய தாளைப் படிப்பான். அதுவும் ஏதாவது திருகாணி மிச்சமிருந்தால்தான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட இருவருமாக ஒரு பழைய வீட்டை வாங்கியபோது, மார்லிஸ் அதற்கென்று விஸ்கான்சினில் ஒரு சிறு கம்பெனி தொடங்கினாள். யாராவது படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் கம்பெனியோடு போகட்டும், நம் சொந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்பது கணக்கு. வீட்டு வாசலில் இரண்டு பைன் மரங்கள் நின்றதால் 'இரட்டைப் பைன்' என்று பெயர் வைத்தாள். அதே வருஷம் அடித்த புயலில் ஒரு மரம் சாய்ந்தது. பெயரை மாற்ற ஒரு படிவம் போட வேண்டுமா என்று மார்லிஸ் ஒரு வாரம் விசாரித்தாள். மரத்தை எண்ணிப் பார்க்க அரசாங்கம் ஆள் அனுப்பாது என்று டெல்மர் சொல்லித்தான் விட்டாள்.

எங்கள் ஊர் சமதரை. துறைமுகத்துக்கு எதிரே டுலூத் ஊர் குன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது மினசோட்டா, வேறு மாநிலம். நடுவில் ஒரு பாலம். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அவர்கள் வீட்டு விளக்குகள் தெரியும். அவர்கள் ஜன்னலிலிருந்து எங்களுடையதும் தெரியும்தான், ஆனால் அவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். அந்தக் குன்றில் ஒரு வீடு சொந்தமாக வேண்டும் என்பது மார்லிஸின் நெடுநாள் ஆசை. வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆசையோடு பயமும் சேர்ந்து கொழுந்துவிட்டது பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹார்லன் கதையைக் கேட்ட பிறகு. ஹார்லன் தன் கம்பெனிப் பெயரில் டுலூத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தான். குடியிருந்தவன் வாடகை தருவதை நிறுத்திவிட்டு, குளியல் தொட்டியில் தூண்டிலுக்கு வேண்டிய மீன்குஞ்சுகளை வளர்த்து விற்க ஆரம்பித்தான். ஹார்லன் வழக்குப் போட்டான். கோர்ட்டில் நடந்ததை மதிய உணவு வேளையில் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"நீதிபதி அம்மா கேக்கறாங்க, 'உங்க கம்பெனி எங்க பிறந்தது?'ன்னு. நான் சொன்னேன், 'விஸ்கான்சின்லம்மா, இதோ ஜன்னல்ல எட்டிப் பார்த்தா தெரியும்'. 'இங்க மினசோட்டாவுல பதிவு பண்ணியிருக்கீங்களா?' 'பாலத்தைத் தாண்டினா வீடு, அதுக்கு எதுக்கும்மா பதிவு?' அவ்வளவுதான். 'சட்டத்துக்கு நீங்க அந்நியக் கம்பெனி. பதிவு பண்ணிட்டு வாங்க, அப்புறம் வழக்கு பேசலாம்'னு அனுப்பிட்டாங்க. அந்நியனாம்! எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இந்த ஏரித் தண்ணியைத்தான் குடிக்கறோம்."

"மீன்குஞ்சுக்காரன் என்ன சொன்னான்?" என்றாள் சமையல்காரிகளில் ஒருத்தி.

"வெளிய வந்து எனக்கு ஒரு டஜன் பாதி விலைக்குத் தர்றேன்னான்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் சிரிக்கவில்லை. பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். உலகம் இப்படித்தான் நடக்கும் என்று அவள் இத்தனை நாளும் நம்பியதற்கு இன்று சாட்சி கிடைத்துவிட்டது.

அந்தக் குளிர்காலக் கடைசியில்தான் ஐனார் ட்ரோஸ்டாட் தன் வீட்டை விற்கப்போவதாக டெல்மரிடம் சொன்னார். இருவரும் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் சிநேகிதர்கள். ஐனார் வாழ்நாள் முழுக்க இரும்புத்தாதுக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருந்தவர். காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காதது மற்றவர்களுக்கும் கேட்காது என்று எண்ணி எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். மனைவி இறந்து சில வருஷங்களாயிற்று. மகள் அரிசோனாவில் இருந்தாள். பனி உருகியதும் தானும் அங்கே போய்விட முடிவு செய்திருந்தார். குன்றின் நடுவில், ஏரி பார்த்த வீடு. கீழே ஒரு குடித்தனத்துக்கும் மேலே ஒரு குடித்தனத்துக்கும் இடம்.

மார்லிஸ் போய்ப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள், அடித்தளத்தில் ஈரம் இருக்கிறதா என்று சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். மாடி ஜன்னலில் நின்று ஏரியைப் பார்த்தபோது மட்டும் எதையும் சோதிக்க மறந்துபோனாள்.

"எடுத்துக்கறீங்களா?" என்று கத்தினார் ஐனார்.

"எடுத்துக்கறேன், மிஸ்டர் ட்ரோஸ்டாட். ஆனா முதல்ல என் கம்பெனியை இந்த மாநிலத்துல பதிவு பண்ணணும். அப்புறம்தான் கையெழுத்து. காத்திருப்பீங்களா?"

"கப்பலை விட்டு இறங்கினதுலேர்ந்து எனக்கு அவசரமே கிடையாது."

திரும்பி வரும்போது டெல்மர் சொன்னான்: "இன்னிக்கே வாங்கிடு மார்லிஸ். பதிவை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். வீடு ஓடிப் போகுமா?"

"வீடு ஓடாது. மீன்குஞ்சு நீந்தும்," என்றாள் அவள்.

பதிவு செய்வது பெரிய மலை அல்ல. ஆனால் ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு படி இருந்தது. முதலில், கம்பெனி உயிரோடும் நல்ல நிலையிலும் இருக்கிறது என்று அதன் சொந்த மாநிலம் சான்று தர வேண்டும். ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் 'நான் இன்னும் சாகவில்லை' என்று காட்டுவார்களே, அது மாதிரி. அது வந்தது. அடுத்ததாக, மினசோட்டாவில் கம்பெனிக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். நீதிமன்றத்திலிருந்தோ அரசாங்கத்திலிருந்தோ கம்பெனிக்குக் காகிதம் வந்தால் அங்கேயே கையில் வாங்கிக்கொள்ளும் ஆள். தபால் பெட்டி எண் கூடாது. நிஜமான விலாசம், பகலில் கதவைத் திறக்க ஓர் ஆள்.

"அதுக்குன்னே ஆபீஸ் நடத்தறாங்க. வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டினா போதும்," என்றான் டெல்மர்.

"முன்பின் தெரியாதவன் என் கடிதத்தைப் பிரிக்கறதா?"

"அப்ப தெரிஞ்சவளே இருக்காளே. பகல் பூரா வீட்லதான் இருக்கா."

மார்லிஸ் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தாள். தெரிந்தவள் என்றால் தங்கை லவோன். டுலூத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே முடி வெட்டும் தொழில் செய்பவள். அக்காவும் தங்கையும் மூன்று வருஷமாகப் பேசவில்லை. காரணம் சொத்தும் இல்லை, ஆணும் இல்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று தேவாலயத்துக் கூடத்தில் நடந்த விருந்து. மார்லிஸ் சமைத்த ஹாம் என்ற பன்றித்தொடைக் கறியை ஒரு வாய் மென்றுவிட்டு, பாதிரியார் உள்பட அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அம்மாவே கொடுத்து வெச்சவ, இதைத் தின்னாம போயிட்டா" என்று சொல்லிவிட்டாள் லவோன்.

கடைசியில் வருஷக் கட்டணத்தை நினைத்துப் பார்த்து மார்லிஸ் தொலைபேசியை எடுத்தாள். மனஸ்தாபத்தை விடச் சிக்கனம் பலமானது.

"லவோன் முடி அலங்காரம்."

"நான்தான்."

அந்தப் பக்கம் முடி உலர்த்தும் இயந்திரம் நின்றது. "எந்த நான்தான்?"

"மார்லிஸ்."

"யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"அப்ப எதுக்குடி போன் பண்ற?"

மார்லிஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். ஆனால் லவோன் முந்திக்கொண்டாள். "இதோ பாரு, ஹாம் காஞ்சுதான் போயிருந்தது. அதை நான் மாத்திச் சொல்லப்போறதில்ல."

"அடுப்பு கோவிலோடது."

"சரி, பழியை அடுப்பு மேல போட்டுடலாம். என்ன வேணும் சொல்லு. ஒருத்தி தலையில சாயம் ஊறிக்கிட்டிருக்கு."

மூன்று வருஷச் சண்டை அவ்வளவில் முடிந்தது. மார்லிஸ் விஷயத்தைச் சொன்னாள்.

"அதாவது, உனக்கு வர்ற திட்டை எல்லாம் நான் வாங்கிக்கணும்," என்றாள் லவோன்.

"வாங்கி உடனே எனக்கு அனுப்பிடணும்."

"சின்ன வயசுல இருந்தே அதைத்தானே செய்யறேன். நீ கண்ணாடியை உடைப்ப, நான் அடி வாங்குவேன். இப்ப அதுக்கு அரசாங்கத்துல பேரு வெச்சிருக்காங்களா? சம்பளம் என்ன?"

"மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு. எங்க பக்கத்துக் கடையில."

"பிராந்தியும் சேர்த்து."

"ஒரே ஒரு கிளாஸ்."

"ஆகட்டும். இன்னிலேர்ந்து மினசோட்டாவுல நீ நான்தான். ஆமா, வாங்கப்போற வீடு எது?"

பிரதிநிதியிடம் வீட்டு விலாசத்தைச் சொல்ல வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் இல்லை. மார்லிஸ் தன் வாழ்நாளில் கேட்காத கேள்விக்கு எழுதிக் கொடுத்தவள் அல்ல. ஆனால் மூன்று வருஷம் கழித்துத் தங்கை குரலைக் கேட்ட குஷியில் விலாசத்தோடு, கிழவர் ஒண்டியாக இருப்பதையும், மாடி ஜன்னலிலிருந்து ஏரி தெரிவதையும் சேர்த்துச் சொன்னாள்.

பிரதிநிதி கிடைத்ததும் பெயர் தட்டியது. 'இரட்டைப் பைன்' என்ற பெயரில் மினசோட்டாவில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகும் இடம். ஆகவே இந்த மாநிலத்தில் வேறு பெயரில்தான் நடத்த வேண்டும் என்று பதில் வந்தது. 'விஸ்கான்சின் இரட்டைப் பைன்' என்று வைக்கலாமா என்று மார்லிஸ் கேட்டாள்.

"வை," என்றாள் லவோன் தொலைபேசியில். "இங்க ஊதாச் சட்டை போட்டுக்கிட்டு, உங்க மாநிலத்து அணி தோக்கணும்னு கால்பந்து பார்க்கற ஊர்ல விஸ்கான்சின்னு பலகை மாட்டு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் உன் செலவு."

"இன்னொரு மரத்தைச் சேர்த்துக்கோ," என்றான் டெல்மர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படியாகத்தான் ஒற்றை மரம் நிற்கும் வீட்டுக்குச் சொந்தமான கம்பெனி பாலத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு பைனாகவும், அந்தப் பக்கம் மூன்று பைனாகவும் ஆயிற்று. புதுப் பெயருக்கு ஒரு விண்ணப்பம், அதைப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய ஓர் ஏற்பாடு. பனி உருகிக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் லவோன் தன் உத்தியோகத்தை அக்கா எதிர்பார்த்ததற்கு மேலாகவே பார்த்தாள். முதல் வாரம், "சும்மா வீட்டைப் பார்த்துட்டு வந்தேன். நாளைக்கு ஏதாவது காகிதம் வந்தா இடம் எதுன்னு தெரிய வேண்டாமா?" என்றாள். மார்லிஸுக்கு அது பொறுப்பாகப் பட்டது. அடுத்த வாரம், "அந்த மனுஷன் தலை கம்பளிச் செம்மறி மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன்," என்றாள். அதற்கடுத்து, மாடியில் குழாய் சொட்டுகிறது, ஆள் வைத்துச் சரிசெய்தாகிவிட்டது என்றாள்.

"பாரேன்," என்று மார்லிஸ் டெல்மரிடம் சொன்னாள். "இவளைப் போய்க் கவனமில்லாதவன்னு நினைச்சேன். வாங்கறதுக்கு முன்னாடியே பராமரிக்கறா."

"ரொம்பத்தான் பராமரிக்கறா," என்றான் டெல்மர். அவன் ஏரிக்கரையில் ஐனாரைப் பார்த்து வந்திருந்தான். கிழவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பாட்டு மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருந்தான். ஆனால் கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை. மீன் பிடிக்கிறவர்களுக்குள் சில மரியாதைகள் உண்டு.

லவோனுக்கு இரண்டு கல்யாணம் ஆகியிருந்தது. முதல் கணவன் அலாஸ்காவில் வேலை கிடைத்துப் போனான், வேலையோடு அங்கேயே தங்கிவிட்டான். இரண்டாமவன் நல்லவன், மாரடைப்பில் போய்விட்டான். அதன்பிறகு, "என் கையில அகப்பட்டா இனிமே ஆம்பளைக்கு முடிதான் போகும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதிவுச் சான்று வந்த அன்று மார்லிஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தாள். தன் கம்பெனி மினசோட்டாவில் தொழில் நடத்த அதிகாரம் பெற்ற அந்நியக் கம்பெனி. அந்நியம் என்ற சொல்கூட அவளுக்கு இப்போது பட்டம் மாதிரி இனித்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டாள், டெல்மரைச் சவரம் செய்யச் சொன்னாள், இருவரும் பாலத்தைத் தாண்டினார்கள்.

ஐனார் வீட்டு முன்னறை மாறியிருந்தது. ஜன்னலில் மஞ்சள் திரை. மேசையில் ருபார்ப் பை என்ற இனிப்பு அப்பம், வெட்டாமல் முழுசாக. ஐனார் தலை வாரி, கன்னம் பளபளக்க உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் இதையெல்லாம் விற்கிறவர் வாங்குகிறவருக்குக் காட்டும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் ட்ரோஸ்டாட், பதிவு முடிஞ்சாச்சு!" என்றாள் காதுக்குக் கேட்கும்படி.

"இன்னும் இல்லம்மா!" என்று கத்தினார் அவர். "செப்டம்பர்லதான் பண்றதா இருக்கோம். அவதான் வெயில் தாழட்டும்னா."

"இல்ல, நாங்க பண்ணிட்டோம். போன வாரம்."

"நீங்க எப்பவோ பண்ணியாச்சே! டெல்மர் சொல்லியிருக்கான், கல்யாணத்தன்னிக்குப் பனிப்புயலாமே."

மார்லிஸ் டெல்மரைப் பார்த்தாள். டெல்மர் ருபார்ப் பையைப் பார்த்தான். சமையலறைக் கதவு திறந்து, காபி ஜாடியோடு லவோன் வந்தாள். தன் வீட்டில் நடப்பது மாதிரி, எந்த அலமாரியில் கோப்பை இருக்கிறது என்று பாராமலே கையை நீட்டி எடுத்தாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றாள்.

"எப்ப?"

"நீ கோபப்படாத அன்னிக்கு. அதான் தள்ளிப்போச்சு."

"வீடு?" என்றாள் மார்லிஸ். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"விக்கலை!" என்று கத்தினார் ஐனார் சந்தோஷமாக. "அரிசோனாவுல ஏரியே இல்லையாம்! லவோன் சொன்னா!"

மார்லிஸ் ஒரு துண்டு பை சாப்பிட்டாள். சாப்பிடாமல் எழுந்துபோவது முறையல்ல. அது நன்றாகவே இருந்தது என்பது அவள் கோபத்தை இன்னும் கிளறியது.

திரும்பும்போது பாலத்தின் நடுவில்தான் வாயைத் திறந்தாள். "பிரதிநிதின்னா என்ன அர்த்தம்? என் சார்பா இருக்கணும்னு அர்த்தம். என் சார்பா போய், எனக்கு வர்ற வீட்டை..."

"உன் சார்பாதான் போயிருக்கா," என்றான் டெல்மர். "வீடு குடும்பத்துக்குள்ளதானே வந்திருக்கு."

"வண்டியைப் பார்த்து ஓட்டு."

மறுநாள் காலையில் தங்கையைக் கூப்பிட்டாள். "சட்டப்படி, கம்பெனி விஷயமா என்ன வந்தாலும் உடனே எனக்குச் சொல்லணும்னு உனக்குக் கடமை இருக்கு. தெரியுமா?"

"என் விலாசத்துக்கு வந்தா சொல்லணும். ஒண்ணும் வரல. நான்தான் அவர் விலாசத்துக்குப் போனேன்," என்றாள் லவோன். பிறகு குரல் தணிந்தது. "மார்லிஸ், நான் அங்க திட்டம் போட்டுப் போகலடி. ஈரத்துல உப்பிப்போன கதவு திறக்கலைன்னு அந்த மனுஷன் முழங்காலால முட்டிக்கிட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷமாச்சு தெரியுமா, அப்படிச் சிரிச்சு?"

 தங்கையைப் பற்றி மார்லிஸிடம் எத்தனையோ புகார்கள் இருந்தன. அவள் சிரிக்கிறாளா என்று மட்டும் மூன்று வருஷத்தில் யாரையும் கேட்டதில்லை.

"செப்டம்பர்ல என்னிக்கு?" என்றாள் கடைசியில். "கூடாரத்துக்கு இப்பவே சொல்லி வைக்கணும். நீ பாட்டுக்குக் கடைசி நேரத்துல போய் நிப்ப."

மினசோட்டாவில் மார்லிஸின் கம்பெனி எல்லா அதிகாரத்தோடும், சகல லட்சணத்தோடும், கையில் ஒரு செங்கல்கூட இல்லாமல் நின்றது. பதிவை ரத்து செய்துவிடலாமே என்றான் டெல்மர். வெளியேறுவதற்கும் ஒரு படிவம் உண்டு, கட்டணம் உண்டு என்று மார்லிஸ் விசாரித்து வைத்திருந்தாள். "அங்க இன்னும் நுழையவே இல்ல. அதுக்குள்ள வெளியேறுறதுக்கு வேற காசா?" என்று விட்டுவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. மழை வருமென்று மார்லிஸ் கூடாரம் ஏற்பாடு செய்திருந்தாள், வெயில் கொளுத்தியது. லவோன் ஐனார் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியேறினாள். மாடியில் நாற்காலியும் கண்ணாடியும் போட்டுத் தொழிலை வைத்துக்கொண்டாள். இப்போது அவளுடைய பழைய வீடு காலி.

ஒரு வெள்ளிக்கிழமை, மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லவோன்தான் ஆரம்பித்தாள். "உன் மூணு மரமும் வேர்விட இடம் தேடிக்கிட்டு நிக்குது. என் வீட்டை வாங்கிக்கோயேன்."

"உன் வீட்டு அடித்தளத்துல தவளை இருக்கு."

"ஒண்ணுதான். அதுவும் வாடகை கேட்டா தரும்."

குன்றின்மேல் வீடுதான், ஆனால் குன்றின் பின்பக்கம். எந்த ஜன்னலிலிருந்தும் ஏரி தெரியாது. எதிர்வீட்டுக்காரரின் படகு மட்டும் தெரியும், அதுவும் தார்ப்பாய்க்குள். குளியல் தொட்டி பச்சை நிறம். மார்லிஸ் கூரையையும் சுவரையும் சோதித்தாள். இம்முறை எந்த ஜன்னலிலும் நின்று எதையும் மறக்கவில்லை. பேரம் இரண்டு வெள்ளிக்கிழமை நடந்தது. தங்கை என்பதால் லவோன் ஒரு டாலர் குறைக்கவில்லை. தங்கை என்பதால்தான் மார்லிஸ் கூரைப் பழுதை நான்கு தடவை சொல்லிக் காட்டினாள். ஐனார் நடுவில் உட்கார்ந்து காது கேட்காத பாக்கியத்தை அனுபவித்தார்.

பத்திரம் கைமாறிய அலுவலகத்தில் இருந்த இளம்பெண் காகிதங்களை மூன்று முறை புரட்டினாள்.

"மன்னிக்கணும், எனக்கு ஒரு சந்தேகம். விக்கிறவங்க இவங்க. வாங்கறது உங்க கம்பெனி. நாளைக்கு விக்கிறவங்க மேல ஏதாவது தகராறுன்னா... இல்ல, அவங்க உங்க கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினா, அதை இங்க வாங்கிக்கறது..."

"நான்தான்," என்றாள் லவோன். "நானே அனுப்பி நானே வாங்கிக்குவேன். தபால் செலவு மிச்சம்."

"இது சரிதானா?"

"எல்லாம் முறைப்படி," என்றாள் மார்லிஸ். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக அவள் ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. அந்தப் பெண் இன்னொரு பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "பிரதிநிதியோட விலாசம்னு இந்த வீட்டைத்தான் போட்டிருக்கு. இதைத்தானே வித்துட்டாங்க?"

அன்று மாலையே மார்லிஸ் விலாச மாற்றத்துக்கு ஒரு படிவம் போட்டாள். கல்யாணம் செய்துகொண்டது தங்கை, படிவம் போட்டது அக்கா.

இப்படியாக அவள் பிற மாநிலத்தில் சொத்துக்காரி ஆனாள். முதல் மாதங்களில் கண்ட பலன், குழாய் அடைப்பு. எத்தனையோ வருஷம் லவோன் அலசிவிட்ட தலைகள் எல்லாம் அந்தக் குழாய்களுக்குள் இருந்தன. டெல்மர் கம்பியை விட்டு இழுக்க இழுக்க நரை, செம்பட்டை, சாயம் போட்ட கறுப்பு என்று பாதி டுலூத்தே வெளியே வந்தது. "இது பாதிரியார் மனைவியோடது, நிறத்தைப் பாரு," என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னான். மார்லிஸ் கையுறை போட்டுக்கொண்டு வாளியைப் பிடித்தாள். யாரும் வழுக்கி விழுந்து கம்பெனிமேல் வழக்குப் போடவில்லை. குடிவந்தவர்கள் ஃபார்கோவிலிருந்து வந்த ஒரு நர்ஸும் அவள் கணவனும். மாதம் பிறந்தால் வாடகை வந்தது. குளியல் தொட்டியில் மீன் வளர்க்கிறார்களா என்று மார்லிஸ் முதல் வருஷம் ஏதாவது சாக்கு வைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு வாத்து பொம்மையும் குழந்தையும்தான் இருந்தன.

இந்த அளவு சட்டரீதியான எச்சரிக்கைக்கு ஒருமுறைகூட வேலை வராதது அவளுக்கு உள்ளூர ஒரு குறைதான்.

ஆனாலும் ஊரில் அவளுக்கு மதிப்பு ஏறியது. அந்தப் பக்கம் வீடு வாங்க நினைப்பவர்கள் வக்கீலிடம் போகுமுன் மார்லிஸிடம் வந்தார்கள். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ரொட்டிக்காரி ஒருத்தி, தானும் தன் கணவனும் டுலூத்தில் ஒரு சிறு கடை இடம் பார்த்திருப்பதாகச் சொல்லி யோசனை கேட்டாள்.

"முதல்ல கம்பெனியைப் பதிவு பண்ணு. அப்புறம்தான் வாங்கணும்," என்றாள் மார்லிஸ். "பேர் காலியா இருக்கான்னு பார்த்துக்கோ. பிரதிநிதியா நம்பிக்கையான ஆளா போடு."

"சொந்தக்காரங்களைப் போடலாமா?"

மார்லிஸ் கொஞ்சம் யோசித்தாள். "போடலாம். கல்யாணம் ஆனவங்களாப் பார்த்துப் போடு."

போன மாதம் லவோன் கூப்பிட்டாள். "உன் கம்பெனிக்கு ஒரு கடிதம். டெக்சாஸ்லேர்ந்து. எவனோ ஒரு கம்பெனிக்காரன், வீட்டை உடனே ரொக்கத்துக்கு வாங்கிக்கறேங்கறான். பார்க்காமலே வாங்குவானாம். பச்சைத் தொட்டியோடயே!"

"பிரிச்சுப் படிச்சியா?"

"என் விலாசத்துக்குத்தானே வந்தது. படிக்காம?"

"அவங்க கம்பெனி மினசோட்டாவுல பதிவு பண்ணியிருக்கா?"

"அது எதுவும் எழுதல. பெரிய பெரிய எழுத்துல ரொக்கம் ரொக்கம்னுதான் எழுதியிருக்கான்."

"பதிவு இல்லாம வாங்கக் கிளம்பிட்டானா?" மார்லிஸுக்கு அந்த முன்பின் தெரியாத டெக்சாஸ்காரன்மேல் நிஜமாகவே பரிதாபம் வந்தது. "பாவம், நாளைக்கு கோர்ட்டுல போய் நிப்பான். எழுதிப் போடணும். கடிதத்தைப் பத்திரமா வை."

"அது இப்ப இல்லை. சாயக் கிண்ணத்துக்கு அடியில போட்டேன், ஊறிப்போச்சு. அதை விடு. கப்பல் ஒண்ணு உள்ள வருது, ஐனார் ஜன்னலண்ட நின்னு எஞ்சின் சத்தம் சரியில்லைன்னு திட்டிக்கிட்டிருக்கார். அவருக்குக் கேக்கறதாம்! நீ உன் ஜன்னலண்ட போய்ப் பாரேன், தெரியுதா?"

தொலைபேசியின் சுருள்கம்பி எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு மார்லிஸ் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. "தெரியுது," என்றாள். "ரொம்ப மெதுவா வருது."